கலெக்டருக்குக் காலில் புண்

சமீபத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அரசு கால்நடை மருத்துவமனை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஜெர்சி மாடு. பின்னால் ஒரு வெள்ளாடு. நடுவில் நான். கையில் ஒரு கூண்டு, கூண்டின் மேல் என் பழைய சின்னாளப்பட்டிச் சேலை.

சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: மாடா, ஆடா?

கிளி என்றேன்.

பேனா நின்றுவிட்டது. அவருடைய நோட்டில் மாடு, எருமை, ஆடு, நாய், கோழி என்று கட்டம் கட்டமாக இருந்தது. கிளிக்குக் கட்டம் இல்லை. கட்டத்துக்குள் வராவிட்டால் இந்த நாட்டில் மனுஷனுக்கே ஒன்றும் நடக்காது... கிளிக்கு எப்படி நடக்கும்? பாவம், அவரும் செத்த நேரம் யோசித்தார். பிறகு கோழிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"இறக்கை இருக்குல்ல... கோழின்னே இருக்கட்டும்மா."

ஆக, எங்கள் வீட்டுக் கிளி அரசாங்கக் கணக்கில் ஒரு கோழி. இதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் வரிசைக்குத் திரும்பினேன். அன்று சாயந்திரத்துக்குள் அரசாங்கக் கணக்கில் நானும் என்ன ஆகப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் கிளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கலெக்டர். பெயர் வைத்தது என் வீட்டுக்காரர் தனபால். கழுத்தில் சிவப்பு வளையம், நடையில் ஒரு மிடுக்கு, யார் வந்தாலும் தலையைச் சாய்த்து "மனு எங்கே" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பிளாட் கட்டுவதற்காக ஒரு பட்டுப்போன தென்னையை வெட்டினார்கள். மரப் பொந்தில் மூன்று குஞ்சுகள். இரண்டு விழுந்த இடத்திலேயே போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றை வீட்டுக்காரர் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டினோம். பிழைத்தது.

"இறக்கை முளைக்கிற வரைக்கும்தான் விமலா" என்றார்.

இறக்கை முளைத்தது. மழைக்காலம் முடியட்டும் என்றார். முடிந்தது. மேலே பருந்து சுத்துதே என்றார். திண்டுக்கல்லில் என்றைக்குப் பருந்து சுற்றாமல் இருந்திருக்கிறது? இப்படியே ஆறு வருஷம்.

அவர் ரிட்டயர்டு டிராப்ட்ஸ்மேன். வாழ்நாள் முழுக்க நேர்கோடு போட்டவர். அவரே வரைபடம் போட்டு ஒரு கூண்டு செய்தார். நான்கு மூலையும் ரசமட்டம் வைத்துப் பார்த்தது. உள்ளே உட்காருவதற்கு இரண்டு பிவிசி பைப். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார். குழந்தைக்குக் கால் உறுத்தக் கூடாதாம். வாசலில் ஒரு குட்டிப் பூட்டு. ஊர் திண்டுக்கல் ஆயிற்றே, கூண்டுக்குப் பூட்டுப் போடாமல் விட்டால் ஊருக்கு அவமானம் இல்லையா?

நானும் ஒன்றும் சொல்லவில்லை. இதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். இதே பக்கத்தில் பெண் விடுதலை பற்றி எத்தனை வாரம் எழுதியிருப்பேன்... "கதவைத் திறந்துவிட்டால் போதும், அவள் பறப்பாள்" என்று ஒரு தடவை முடித்திருந்தேன். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. அதை எழுதியபோது என் நாற்காலிக்கு ஒரு முழம் பின்னால் கலெக்டர் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தார். எழுத விடாமல் என்ன சத்தம் என்று நான் அதட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மாதம் முன்பு கலெக்டர் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தார். கிளி ஒற்றைக் காலில் நிற்பது வழக்கம்தான். ஆனால் இவர் இடது காலை இறக்கவே இல்லை. இறக்க வேண்டி வந்தால் முனகினார். தூக்கிப் பார்த்தால் உள்ளங்கால் சிவந்து வீங்கி, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு.

 நான் போனை எடுத்து எங்கள் வாக்கிங் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன்: "கலெக்டருக்குக் காலில் புண். நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"

அவசரத்தில் கிளி என்ற சொல் விட்டுப்போயிற்று.

பத்தே நிமிஷம். கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்து இறங்கின. விரைவில் நலம் பெற வேண்டுகிறோம் என்றார்கள். சுகர் இருந்தால் கால் விஷயத்தில் அலட்சியம் கூடாது என்று ஒருவர் எச்சரித்தார். இன்னொருவர் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று விசாரித்தார். பழக்கூடையோடு நேரில் போய்ப் பார்க்கிறாராம், பட்டா மாறுதல் விஷயமாகப் பேச வேண்டியிருக்கிறதாம்.

கிளி என்று விளக்கினேன்.  அதற்கப்புறம் ஆரம்பித்தது வைத்தியம். மஞ்சளும் விளக்கெண்ணெயும் என்றார் ஒருவர். குப்பைமேனி என்றார் மற்றவர். எதிர்வீட்டு அம்மா திருஷ்டி என்று தீர்மானமாகச் சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். பழக்கூடைக்காரர் மட்டும் பதில் போடவே இல்லை.

மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசினோம். ஏற்கெனவே கண்ணாடி மாதிரி வழுக்குகிற பைப்பில் விளக்கெண்ணெய்க் காலோடு நின்றால் என்ன ஆகும்? கலெக்டர் இரண்டு தடவை தலைகீழாக விழுந்தார். மூன்றாவது தடவை விழுவதற்குள் டாக்டரிடம் போய்விடலாம் என்று கிளம்பினோம்.

முதலில் போனது புதிதாகத் திறந்த ஒரு பெட் கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. ஷெல்ப் முழுக்க நாய் ஷாம்பு, நாய் பிஸ்கட், நாய் ரெயின்கோட். நாங்கள் மழையைப் பார்த்தே மாதக்கணக்கில் ஆகிறது... நாய்க்கு ரெயின்கோட்!

ரிசப்ஷனில் இருந்த பெண் என்ன ப்ரீட் என்று கேட்டாள். தென்னைமரத்துக் கிளி என்றேன். எழுதிக்கொண்டாள். பர்ஸ்ட் விசிட் பேக்கேஜ் இருக்கிறதாம், நகம் வெட்டுவது, காது சுத்தம் செய்வது, குளிப்பாட்டுவது எல்லாம் அதிலேயே அடக்கமாம். கிளிக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

சோபாவில் ஒரு அம்மா மடியில் பக் நாயோடு உட்கார்ந்திருந்தார். கிளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பேசுமா என்று கேட்டார். ஒன்றிரண்டு வார்த்தை பேசும் என்றேன்.

"இங்கிலீஷா?"

இல்லைங்க, தமிழ்தான் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கலெக்டரின் அந்தஸ்து அந்த அறையில் அத்தோடு சரிந்தது.

டாக்டர் வெளியே வந்தார். நல்ல மனுஷர். நாய், பூனைதான் பார்ப்பேன், பறவையைக் கையில் பிடித்தே பழக்கமில்லை, தெரியாமல் மருந்து கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று நேராகச் சொன்னார். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்கிற ஆளைப் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று! நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஆனால் ரிசப்ஷன் பெண் விடவில்லை. எங்கள் சேவை எப்படி இருந்தது, எத்தனை ஸ்டார் என்று போனை நீட்டினாள்.

வெளியே ஆட்டோவுக்கு நின்றபோது ஒருவர் கூண்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். சீட்டு எடுக்குமாக்கா, பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம் என்றார். இது ஜோசியக் கிளி இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பின்னே எதுக்குக் கூண்டோட தெருவுல நிக்கிறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிற எனக்கும் அவருக்கு ஜோசியம் சொல்கிறவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவருடைய கிளி சீட்டாவது எடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலைதான் அரசு மருத்துவமனை. வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. ஊசியைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும், ஊசி அடுத்தவருக்குப் போட்டாலும். ஸ்கூட்டரோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

எனக்குப் பின்னால் வெள்ளாட்டோடு நின்றவர் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர். ஆட்டுக்குக் குளம்பில் புண். ஆட்டைப் பாதி தூரம் தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார். என் கூண்டைப் பார்த்தார்.

"கிளிக்கும் காலுதானா ஆத்தா?"

ஆமாம் என்றேன். முட்டை கிட்டை போடுமா என்று கேட்டார். ஆண் கிளி என்றேன். விற்கிறதுக்கா என்றார். இல்லை என்றேன். அவர் முகத்தில் உண்மையான குழப்பம்.

"பின்னே எதுக்கு அடைச்சு வச்சிருக்கீக?"

சும்மாதான் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எனக்குச் சரியாகப் படவில்லை.

"சும்மாவா" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. புரியாமல்தான் சொன்னார். ஆடு இழுத்தது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊர் பழனி பக்கம் பாலசமுத்திரம் என்று பேச்சில் தெரிந்தது. மாட்டுக்கு ஊசி போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டால் கலெக்டரை அப்படியே பொதிந்து எடுத்தார். கலெக்டர் கத்தினார். டாக்டர் கண்டுகொள்ளவில்லை. காலைத் திருப்பி, விரித்து, வெளிச்சத்தில் பார்த்தார். எதிர்க் கடையிலிருந்து ஒரு சின்னத் தராசை வாங்கிவரச் சொல்லி எடை போட்டார். அப்புறம் மூன்றே கேள்வி. எதன் மேல் நிற்கிறது? என்ன சாப்பிடுகிறது? கடைசியாக எப்போது பறந்தது?

முதல் கேள்விக்கு பைப் என்றேன். இரண்டாவதற்கு சூரியகாந்தி விதை, இட்லி, பிஸ்கட், முறுக்கு, காராபூந்தி. காராபூந்தியில் வேர்க்கடலை இருந்தால் அது முதலில் என்றேன்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெளியே போய் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். அவரிடமும் இல்லை.

டாக்டர் தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார்.

"ஏனுங்க, இந்த நோய் தானா வரலீங்க. நீங்கதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

மரக்கிளை ஒரு இடத்தில் தடியாக இருக்கும், ஒரு இடத்தில் மெலிசாக இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், காற்றுக்கு ஆடும். கிளி நிமிஷத்துக்கு நிமிஷம் பிடியை மாற்றும். கனம் பாதம் முழுக்கப் பரவும். இந்த பைப்பில் ஆறு வருஷமாக ஒரே பிடி, ஒரே இடம், ஒரே அழுத்தம். அதற்கு மேல் முறுக்கு தின்று ஏறிய எடை. கறிக்கோழிப் பண்ணையில் குண்டான கோழிக்கு வருகிற அதே கால்புண்தான் என்றார்.

கோழிக் கட்டத்தில் எழுதியவர் தீர்க்கதரிசி!

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சீழ் எலும்பில் இறங்கியிருக்கும், காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். வீட்டுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஊசியே இன்னும் வரவில்லை.

சென்னையில் பறவைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிற தன் தோழிக்குக் காலைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு பேரும் போனில் பேசி மருந்தை முடிவு செய்தார்கள். பொருக்கைச் சுத்தம் செய்து, களிம்பு வைத்து, விரல்களுக்கு நடுவே பஞ்சு கொடுத்துக் குட்டிக் கட்டு. வீட்டில் தினம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, கையுறையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்று சொன்னார்.

இந்தக் கிளியை வீட்டில் வளர்க்கிறது சட்டப்படி குற்றம். நம்ம ஊர்க் கிளி காட்டு உயிர். வைத்தியம் பார்ப்பது அவர் வேலை, பார்த்துவிட்டார். புண் ஆறியதும் வனத்துறையில் நாங்களே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இப்போதே போன் செய்து அவர்களிடம் சொல்லிவிடுகிறாராம்.

எங்கள் கண்ணெதிரிலேயே செய்தும் விட்டார். ஆறட்டும், அப்புறம் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரர் சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னார். "அது எங்களுக்குப் புள்ளை மாதிரிம்மா."

டாக்டர் கூண்டைப் பார்த்தார்.

"புள்ளைக்குப் பூட்டுப் போடுவீங்களாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். ஆடு உள்ளே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிவிசி பைப் இரண்டையும் அவரே அறுத்து எடுத்தார். வேப்பங்கொம்பு, கொய்யாக் கொம்பு என்று தேடிப்பிடித்து வந்து கட்டினார். ஒன்றும் நேராக இல்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது, பார்க்கவே தெரிந்தது. கட்டிவிட்டு எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு, கலெக்டரைத் துண்டில் பொதிந்து, காலை மட்டும் கிண்ணத்தில் நனைப்பார். பஞ்சால் ஒற்றுவார். களிம்பு தடவுவார். ஊதுவார். பேசுவார். எனக்குப் பதினைந்து வருஷமாகக் குதிகாலில் பித்தவெடிப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், "என்ன, காலில் வெடிப்பா" என்று கேட்டவரில்லை. கிளியாகப் பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னேன். அவர் காதில் விழவில்லை. ஊதிக்கொண்டிருந்தார்.

பத்தியம்தான் பெரிய பாடு. முருங்கைக்கீரை, கேரட், பச்சை மிளகாய், கொய்யா. ஆயக்குடிக் கொய்யாவாகத் தேடி வாங்கிவந்து கொடுத்தோம். கலெக்டர் கேரட்டைத் துண்டு துண்டாக எடுத்து வெளியே போட்டார். ஒரு வாரம் முறுக்கு கேட்டு ஸ்டிரைக். கத்தல் தாங்காமல் எதிர்வீட்டு அம்மா வந்து, வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே என்று கண் கலங்கினார். வாயில்லாத ஜீவன் போடுகிற சத்தத்தில் எனக்கு அவர் சொன்னது பாதிதான் கேட்டது. எங்களுக்கே முறுக்கு தின்ன ஆசை வந்தால் பாத்ரூமில் போய்ச் சத்தமில்லாமல் தின்றுவிட்டு வந்தோம். ரிட்டயர் ஆன பிறகு இப்படியொரு வாழ்க்கை.

எட்டாவது நாள் கொய்யாவைக் கடித்தார். பிறகு மிளகாய். மூன்றாவது வாரம் பொருக்கு விழுந்து, கீழே புதுத் தோல் தெரிந்தது. இரண்டு காலும் ஊன்றிக் கோணல் கொம்பில் நின்றார்.

ஆறிவிட்டதா? ஆறிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தோமா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

இன்னும் செத்த ரோஸா இருக்கே என்றார் வீட்டுக்காரர். நான் கண்ணாடி போட்டுப் பார்த்து, ஆமாம் ரோஸாகத்தான் இருக்கிறது என்றேன். மறுபடியும் பழைய மழைக்காலம், பழைய பருந்து. இந்தத் தடவை நானும் கூட்டு. வந்தவர் போனவர் எல்லாரும் சட்ட ஆலோசனை வேறு சொன்னார்கள். வீட்டுக்குள்ள வந்து யார் பார்க்கப் போறா என்றார் ஒருவர். சேலையைப் போட்டு மூடி வைங்க என்றார் எதிர்வீட்டு அம்மா. எந்தச் சட்டமானாலும் நம்ம ஆட்களிடம் அதற்கு ஒரு சேலை தயாராக இருக்கிறது.

கடைசியில் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. கலெக்டருக்குப் பறக்கவே தெரியாது என்று நிரூபித்துவிட்டால்? பறக்கத் தெரியாததை அனுப்புவது பாவம் இல்லையா? டாக்டருக்கே போன் செய்து சொல்லிவிடலாம் இல்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹாலில் ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கூண்டைத் திறந்தார். கலெக்டர் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே இருந்தார், வெகுநேரம். பிறகு என்ன தோன்றியதோ, குதித்தார். இறக்கையை அடித்தார். நாற்காலி உயரம்வரை எழும்பினார், பிரிட்ஜை எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. தரையில் வந்து விழுந்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். எழுந்து நின்று மறுபடியும் இறக்கையை விரித்தார். மறுபடியும் விழுந்தார்.

"பாத்தியா விமலா, பறக்கத் தெரியலை" என்றார் வீட்டுக்காரர்.

அந்தக் குரலில் ஒரு ஜெயித்த சந்தோஷம். கேஸில் தீர்ப்பு சாதகமாக வந்தவன் குரல்.

சொல்லிவிட்டு அவரே அப்படியே நின்றார். தன் குரல் தனக்கே கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.  மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்குகிற கிளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கையை நீட்டினார். கலெக்டர் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை குளித்து, ஷேவ் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "போயிட்டு வந்துரலாம்" என்றார்.

வனத்துறை அலுவலகத்தில் ஒரு மனுவும் ஒரு படிவமும் கேட்டார்கள். வீட்டுக்காரர் தன் டிராப்ட்ஸ்மேன் கையெழுத்தில் அச்சு மாதிரி நிரப்பினார். காயம் என்ற இடத்தில் இடது உள்ளங்கால் புண், ஆறிவிட்டது என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு "நாங்கள்" என்று எழுதினார்.

அங்கிருந்த அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியெல்லாம் எழுத வேண்டாம் சார், தெரியாதுன்னு போட்டுக்கலாம் என்றார். இவர் தலையாட்டினார். ஆனால் மாற்றவில்லை. அலுவலர் அதன்மேலேயே முத்திரை குத்தினார்.

உங்களிடம் பொய் சொல்வானேன்... நான் ஒரு காட்சியை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். கலெக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுப்பார், திரும்பித் திரும்பிப் பார்ப்பார், கத்துவார், வீட்டுக்காரர் தேம்புவார், நான் முந்தானையால் கண்ணைத் துடைப்பேன் என்று மனசுக்குள் பாதிக் கட்டுரையே எழுதி வைத்திருந்தேன்.

என்ன நடந்தது? இந்தக் கூண்டிலிருந்து அவர்கள் பெட்டிக்கு மாற்ற வீட்டுக்காரர் கையை விட்டார். கலெக்டர் அவர் ஆள்காட்டி விரலை ரத்தம் வரக் கடித்தார். பெட்டிக்குள் போனார். அங்கே ஒரு கொய்யாத் துண்டு கிடந்தது. தின்ன ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஆறு வருஷத்து உறவு.

ஊசிக்கு மயங்குகிற மனுஷர் சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது அவர் முதுகு இரண்டு தடவை குலுங்கியது. ரோடு மேடுபள்ளம் என்று வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். வலை கட்டிய பெரிய இடம், உள்ளே நிஜ மரங்கள், பத்துப் பதினைந்து கிளிகள். அதில் ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கிறது. கொஞ்சம் தடுமாறித்தான். ஆனால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எல்லாக் கிளியும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இதுதான் நம்ம ஆள் என்று வீட்டுக்காரர் ஒன்றைக் காட்டினார். நான் வேறொன்று என்று நினைத்தேன், சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் தெம்பு வந்ததும் வெளியே விட்டுவிடுவார்களாம்.

கலெக்டரைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே எதிர்வீட்டு அம்மா வந்துவிட்டார். பேத்திக்கு லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறார்களாம், அதற்குச் சட்டம் ஒன்றும் இல்லையாம், விசாரித்துவிட்டாராம். கூண்டு சும்மாதானே கிடக்கிறது, கொடுங்களேன் என்றார்.

 வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, அந்த அம்மா நின்றுகொண்டிருக்கும்போதே கூண்டின் நான்கு மூலையையும் அடித்து மடக்கினார். ரசமட்டம் வைத்துச் செய்த மூலைகள், லேசில் மடங்கவில்லை. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துவிட்டு ரொம்ப வருத்தப்பட்டார்.

"இம்புட்டு நல்ல கூண்டைப் போயி எதுக்கு சார் உடைச்சீங்க?"

"நல்ல கூண்டா இருந்துச்சேன்னுதான்" என்றார் இவர்.